அறுக்காமல் விட்ட மூலை

ஷேக் பரீதுக்கு நிலம் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இருந்தது, சம்பளம் தம்மாமில் இருந்தது, மனசு கைபேசிக்குள் இருந்தது. கைபேசிக்குள் என்றால் கண்ட கண்ட இடத்திலும் இல்லை. 'டெல்டா பறவைகள்' என்கிற வாட்ஸப் குழுவில். அதை ஆரம்பித்தவனே அவன்தான். சவூதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, ஊரில் நாரையும் கொக்கும் பார்க்கிறவர்களை அங்கிருந்தபடி கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான்.

குழுவில் தஞ்சாவூர், கும்பகோணம், பூம்புகார் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். காலையில் படம் வரும். நத்தைகுத்தி நாரை எந்த ஊர்ப் புளியமரத்தில் கூடு கட்டுகிறது, எந்த ஏரியில் வலை விரித்து உள்ளான் பிடிக்கிறார்கள், மணல் அள்ளி அள்ளி ஆற்றங்கரையில் மீன்கொத்திக்குப் பொந்து தோண்ட இடமில்லாமல் போனது, இப்படி. கவலைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. ஒவ்வொரு கவலைக்கும் கீழே கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழும். அப்புறம் எல்லாரும் டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். பரீதும் கண்ணீர் முகம் போடுகிறவன்தான். தம்மாமில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய முடியும்?

அவன் குழுவுக்கு இரண்டு விதி வைத்திருந்தான். பார்த்த இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்டாமல் யாரும் படம் போடக் கூடாது என்பது முதலாவது. ஒருத்தர் குஜராத்தில் யாரோ எடுத்த பூநாரைப் படத்தைத் தன் ஊர் ஏரி என்று போட்டு எல்லாரையும் அலைய விட்டார், அந்த எரிச்சலில் வந்த விதி அது. பறவை பார்க்கப் போனால் போனை ஊமையாக்கிவிட வேண்டும் என்பது இரண்டாவது. நல்ல விதிகள் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

தை கடைசியில் துரைராசுவிடமிருந்து ஒரு படம் வந்தது. பரீதின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்கிறவர் அவர். குத்தகை நெல்லைப் பற்றிக் கேட்பதைவிட வயலில் என்ன பறவை உட்கார்ந்தது என்று அதிகமாகக் கேட்கிற நிலக்காரனை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாய், அறுப்புக்கு முன்னாடி கதிருக்குள்ள உளுந்து வெதை தெளிக்கப் போனேன். மடையோரத்து மூலையில காலுக்கடியிலேருந்து ஒண்ணு படபடன்னு கெளம்புச்சு. பாத்தா முட்டை. உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமேன்னு அனுப்பிருக்கேன்" என்றது கூடவே வந்த அவர் குரல் பதிவு.

கோரையும் நெல்தாளும் மறைத்த ஒரு குழியில் சேற்று நிறத்தில், கருந்திட்டு விழுந்த முட்டைகள். அடுத்த படத்தில், சற்றுத் தள்ளி, கண்ணைச் சுற்றி மைக்குப் பதிலாகச் சுண்ணாம்பு தீட்டிய மாதிரி ஒரு பறவை. பரீத் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மயில் உள்ளான். அதன் கூட்டை அவன் நேரில் பார்த்ததே இல்லை. குழுவிலும் யாரும் பார்த்ததில்லை. அது அவன் வயலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அவன் இங்கே இருக்கிறான்.

உடனே கூப்பிட்டான்.

"உள்ளான்தானே பாய்? எங்கப்பா வறுத்துத் தின்னுருக்காரு. நல்லாருக்குமாம்."

"அண்ணே, தின்னுகின்னு வச்சிடாதீங்கண்ணே!"

துரைராசு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஆத்தூரிலிருந்து வந்திருக்கிற பெல்ட் அறுப்பு மிஷின் வியாழக்கிழமை அவர் வயலில் இறங்குகிறது. அன்றைக்கு விட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. கதிர் முற்றிச் சாய ஆரம்பித்துவிட்டது, மழை வேறு வரும்போலிருக்கிறது.

நிலம் பரீதின் பேரில் இருந்தது. அதில் நிற்கிற கதிரில் ஒரு மணிகூட அவனுடையதில்லை. அறுக்காதே என்று சொல்ல அவனுக்கு என்ன பாத்தியதை? கெஞ்சத்தான் முடியும். கெஞ்சினான்.

"அந்த மூலையை மட்டும் விட்டுடுங்கண்ணே. ரெண்டு கட்டில் போடுற எடம். குஞ்சு பொரிச்ச அன்னிக்கே தாயோட, இல்ல, தகப்பனோட நடந்து போயிரும்."

"மிஷின்காரன் என்னைப் பாத்துச் சிரிப்பான் பாய்." பிறகு அவரே இறங்கி வந்தார். "சரி, உட்டுர்றேன். அதுவும் உசுரக் கையில புடிச்சிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கு."

அன்று சாயங்காலம் ஊரிலிருக்கிற மனைவி அஃப்ரீனிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். இந்தப் பறவையில் பெண் முட்டையைப் போட்டுவிட்டு வேறு ஜோடி தேடிப் போய்விடும், ஆண்தான் அடைகாத்துக் குஞ்சை வளர்க்கும் என்றான்.

"ஆம்பளை வீட்டுல கெடந்து புள்ளை பாக்குதா? இது நம்ம ஊரு பறவைதானா மச்சான், நல்லா விசாரிச்சீங்களா?" என்றாள் அஃப்ரீன்.

அவன் சிரித்தான். சுருக்கென்றும் இருந்தது. சின்னவள் பிறந்தபோதும் அவன் இங்கேதான் இருந்தான்.

வியாழக்கிழமை துரைராசு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மூலைக்கு முன்னால் தலைத்துண்டை வீசிக்கொண்டு நின்று மிஷினை வளைத்துத் திருப்ப வைத்தார். பிறகு, வெட்டவெளியாகிவிட்ட வயலில் தனியாக நின்ற அந்த மூலையைத் தொலைவிலிருந்து வீடியோ எடுத்தார். புழுதி அடங்கிய பிறகு வாய்க்கால் பக்கமிருந்து அந்தப் பறவை குனிந்து குனிந்து ஓடிவந்து கதிருக்குள் நுழைந்தது. கம்பெனி பஸ்ஸில் அதைப் பார்த்த பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி, வீட்டில் ஏதும் விசேஷமா என்று விசாரித்தார். ஆமாம் என்றான்.

மறுநாள் வெள்ளி, விடுமுறை. சந்தோஷம் உள்ளே நிற்கவில்லை. வீடியோவையும் படத்தையும் குழுவில் போட்டான். கைதட்டல் குவிந்தது. தஞ்சாவூர் நெடுமாறன், எஞ்சினியர், முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறவர், கேட்டார்: "பிரமாதம் பாய். எடத்தைக் குறிக்கலையே? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?" கூடவே ஒரு சிரிப்பு முகம்.

பரீத் யோசிக்காமல் இல்லை. ஆனால் தான் வைத்த விதியைத் தானே மீறினால் நாளைக்கு யாரை அதட்ட முடியும்? இன்னொன்றும் இருந்தது, அதை மறைப்பானேன்? அது அவன் நிலம். இத்தனை வருஷமாக அடுத்தவர்கள் பார்த்ததற்கெல்லாம் கைதட்டியவன், இப்போது தன் மண்ணைக் காட்டுகிற பெருமையில் இருந்தான். இடத்தைக் குறித்தான். 'கரையிலேயே நின்று பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தான். அந்த ஒரு வரியை நம்பியதுதான் மடத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் விடுமுறை, தம்மாமில் வேலை நாள். ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்து போனைப் பார்த்தால் ஊரில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, குழுவில் படங்கள் வந்து குவிந்திருந்தன. முதல் படம் கரையிலிருந்து எடுத்தது. அடுத்தது இன்னும் கிட்டத்தில். அதற்கடுத்தது பறவை பறந்தோடுகிற படம். பிறகு முட்டைகள். கடைசியாக வந்த படத்தில் முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. சுற்றி நின்ற கோரையையும் கதிரையும் ஒதுக்கி, பச்சைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். படம் நன்றாக வருவதற்காக. முட்டைக்கு மேலே ஒரு இலை நிழல்கூட இல்லை.

பரீத் நெடுமாறனைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்த மற்ற நம்பர்களுக்கெல்லாம் அடித்தான். ஒருத்தரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? பறவைக்குத் தொந்தரவு ஆகக் கூடாதென்று போனை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் அந்த உத்தமர்கள்! 'எல்லாரும் வெளியே வாருங்கள்' என்று குழுவில் எழுதினான். திரும்பத் திரும்ப எழுதினான். படம் போடுகிறவன் போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் தள்ளிவிடுகிறான், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் பார்க்கிறான்? அவன் எழுதியதெல்லாம் கட்டைவிரல்களுக்கும் கைதட்டல்களுக்கும் அடியில் போயிற்று.

துரைராசுவுக்கு அடித்தான், அவரும் எடுக்கவில்லை. அஃப்ரீனைக் கூப்பிட்டான். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அவள் போய்ச் சேர்ந்து வீடியோவில் கூப்பிட்டபோது பரீத் கம்பெனி பஸ்ஸில் இருந்தான். ரோட்டோரம் வரிசையாகக் கார்கள். வயலில் தொப்பி போட்ட ஆட்கள், உளுந்து முளையை மிதித்துக்கொண்டு.

"யாரக் கேட்டு உள்ள எறங்குனீங்க? எல்லாரும் மேல வாங்க!" என்று அஃப்ரீன் கத்தினாள்.

நெடுமாறன் ஓடிவந்தார். கோபப்படக்கூட முடியாத நல்ல முகம். "வணக்கங்கக்கா. பாய் குறிச்சுக் குடுத்ததுனாலதான் வந்தோம். அவருக்கு ரொம்பப் பெரிய மனசு."

அஃப்ரீன் போனை அவர் கையில் திணித்தாள்.

"பாய்! வாழ்க்கையில மறக்க மாட்டேன் பாய்!"

"நெடுமாறன், எல்லாரையும் கரையேத்துங்க. கயித்த அவுத்து விடுங்க. அது வந்து உக்காரணும்."

"ஒரே நிமிஷம் பாய். கும்பகோணத்துக்காரங்க இன்னும் பாக்கல. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுக்கிறோம்."

"வெயில் ஏறுதேன்னுதான்யா சொல்றேன்!"

பஸ் கிடங்கு வாசலில் நின்றுவிட்டது. போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், காவலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றான். பரீத் போனைக் கொடுத்தான். அன்று முழுக்க உறைபனிக்குள் பெட்டிகளை அடுக்கினான். அடுக்கிய பெட்டிகளின் மேல் கோழிப் படம் போட்டிருந்தது. அங்கே என்ன வெயில் அடிக்கிறதோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. இரண்டு தடவை தப்பாக அடுக்கி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வேலை முடிந்து போன் கைக்கு வந்தபோது முதலில் அஃப்ரீன் அனுப்பிய குரலைக் கேட்டான்.

"கயித்தெல்லாம் அவுத்து விட்டுட்டேன் மச்சான். அது வாய்க்காலுக்கு அந்தாண்டையே ஓடிட்டிருந்துச்சு. கொஞ்ச தூரம் வரும், ஆளப் பாத்துட்டுத் திரும்பிடும். எல்லாரும் போனப்புறம் நானும் ரொம்பத் தள்ளிப் போயி உக்காந்தேன். வரவே இல்ல. காக்காதான் வந்துச்சு. ஒண்ணை வெரட்டுனா இன்னொண்ணு வருது. லுஹர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பப் போனேன். ஓடுதான் கெடந்துச்சு." கடைசியில், "நான் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது மச்சான், அங்கயே இருந்திருக்கணும்" என்றாள்.

அவள்மேல் என்ன தப்பு?

குழுவைத் திறந்தான். நெடுமாறனின் படத்தை இந்த மாதத்தின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கீழே, 'நன்றி: ஷேக் பரீத் பாய்'. வயலைப் பாதுகாத்துத் தந்தவர் என்று அவனைப் புகழ்ந்து நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்: 'பரீத் சார், குஞ்சு எப்போது பொரிக்கும்? அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வரலாமென்று இருக்கிறோம்.'

திட்டி எழுதலாம். எழுதினால் நாளைக்கு எல்லாரும் கண்ணீர் முகம் போடுவார்கள். குழுவை மூடினான். அடியில் துரைராசுவின் குரல் இன்னும் கேட்கப்படாமல் இருந்தது.

"பாய், காலையில ஒரு சாவு வீட்டுக்குப் போயிட்டேன். இப்பத்தான் வயலுக்கு வர்றேன். நான் இருந்திருந்தா ஒருத்தனையும் எறங்க உட்டுருக்க மாட்டேன். உளுந்து மிதிபட்டுப் போச்சு, அது போவுது. மூலையில நின்ன கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு. மழை வர்றதுக்குள்ள கையாலயாச்சும் அறுத்துடலாம்னு அருவா எடுத்தாந்திருக்கேன். நீங்க உடச் சொன்ன எடம், உங்களக் கேக்காம கை வைக்கக் கூடாதில்ல? அறுத்துக்கட்டுமா பாய்?"

காலையிலிருந்து அவ்வளவு பேர் அந்த மூலைக்குள் இறங்கி ஏறியிருக்கிறார்கள். அவனைக் கேட்டது இவர் ஒருத்தர்தான். பரீத் பதில் குரலுக்கான பொத்தானை அழுத்தினான். விரலை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினான்.

"அறுத்துக்குங்கண்ணே" என்றான்.