ஊமைச் சுருள்

“உங்க வீட்ல மின்னல் வளக்குறீங்களாமே, நெசமா பாப்பா?” என்று பால்காரர் ஒருமுறை அவளிடம் கேட்டிருந்தார். பதில் சொல்லக் கூச்சப்பட்டு, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அம்மாவிடம் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆமா, தெனம் ரெண்டு லிட்டர் குடிக்குது, கட்டுப்படியாகலன்னு சொல்ல வேண்டியதுதானே.”

அதே பால்காரர் இப்போது கூடத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் கிடந்தாள். மகள் தண்ணீர்த் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே பேச்சு.

“கரண்ட் அடிச்சிருச்சாம்ல.”

“டாக்டர் நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்திருக்காராம்.”

“அவரு எழுதுவாரு. இஸ்திரி போட்டமா, வீட்டுக்கு வந்து படுத்தமான்னு இல்லாம, எதுக்கு இந்த வேண்டாத வேலை? தப்பா எதையாவது தொட்டிருக்கும்.”

அம்மா தப்பாக எதையும் தொடமாட்டாள். அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கும்போதெல்லாம் இப்படி ஒட்டி ஒட்டித்தான் அவள் ஒருநாள் போகாமலே நின்றுவிட்டாள். தட்டில் தம்ளர்கள் தீர்ந்ததும் திரும்பி நடந்தாள்.

அம்மாவுக்குப் பகலெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி. வந்ததும் கை கால் கழுவி, அப்பாவின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். தூக்கிப்போட்ட டிவிப் பெட்டிகளில் இருக்கும், சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் அவளுடைய சரக்கு. அதை ஓட்டுவதற்கான சர்க்யூட்டைத் தானே கட்டுவாள். அதன் கறுப்பு இரும்புச் சட்டத்தில் சுற்றில்லாத பக்கத்தில் தடித்த கம்பியில் ஒரு சுருள், அதன் மேல் மெல்லிய கம்பியில் இன்னொரு சுருள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. சரியாக அமைந்தால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு நூல் எழுந்து நின்று நெளியும். அதை எதற்குச் செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அம்மா, “நீங்க எதுக்குப் பூச்செடி வெக்கிறீங்க?” என்பாள்.

மகளுக்கு அவள் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலை செய்யும்போது சர்க்யூட்டோடு பேசுவாள். கட்டிலில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கும் மகளின் காதிலும் அந்தப் பேச்சு விழும், அவ்வளவுதான்.

பின்னறை வாசலில் மாமா நின்றிருந்தார். அம்மாவின் தம்பி, மின்வாரியத்தில் லைன்மேன். நேற்று மாலை ஓடிவந்தவுடன் அந்த அறைக்குப் போகும் ஒயரை வெட்டி, முனையில் டேப் சுற்றிவிட்டார். அப்பாவும் அவருமாகத்தான் மேசையில் கவிழ்ந்து கிடந்த அம்மாவைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு யாரையும் அவர் உள்ளே விடவில்லை.

“பழைய இரும்புக்காரன வரச்சொல்லியிருக்கேன் மச்சான். சுடுகாட்டு வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கருமாந்திரம் வீட்ட விட்டுப் போகணும்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பேருந்து ஓட்டுபவர். சாலையில் கத்தித் தீர்த்துவிடுவதால் வீட்டில் அவருக்குப் பேச்சு மிச்சமிருக்காது. தலையைக் குனிந்தபடி நின்றார்.

அப்போது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்றியவள் அவள்தான்.

“இந்தாடி. உங்கம்மா சட்டைக் காலர்ல கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. என்ன எழவுன்னு தெரியல, தூக்கிப்போட மனசு வரல.”

இரண்டு முனையிலும் பல்லால் கடித்துப் பிடிக்கும் கிளிப் வைத்த, சாண் நீளச் சிவப்பு ஒயர். பேட்டரியையும் சர்க்யூட்டையும் சேர்ப்பது அது ஒன்றுதான். சர்க்யூட்டுக்குள் விரலை வைப்பதற்கு முன்னால் அம்மா அதைக் கழற்றித் தன் காலரில் மாட்டிக்கொள்வாள். மேசையில் வைத்தால் மறதியில் கை அதை மறுபடி சர்க்யூட்டில் மாட்டிவிடும். காலரில் இருந்தால் அது கழுத்தில் உரசி ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும்.

ஒயரைப் பிடித்தபடி அவள் மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

“மாமா. இது அம்மா காலர்ல இருந்துச்சு.”

“அதுக்கு?”

“இது காலர்ல இருந்தா அங்க கரண்ட் இருக்காது. அம்மா அத்துவிட்டுட்டுத்தான் தொட்டிருக்காங்க.”

“அடி வாங்குன பொறகு கழட்டியிருந்தா? போ கண்ணு. கம்பத்துல எத்தனை பேரப் பாத்திருக்கேன் நான். கூட வேலை பாத்தவன என் கையால எறக்கியிருக்கேன். அப்பவே சொன்னேன் எங்கக்காகிட்ட, விட்டுருன்னு. கேட்டாளா?” அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “முத டிவிய எங்கயோ பொறக்கி, தோள்ல தூக்கிட்டு வந்து குடுத்தவனே நாந்தான்.”



 கூடத்தில் எல்லோரும் இந்தப் பக்கம் பார்ப்பது அவளுக்கு முதுகில் தெரிந்தது. நாக்கு ஒட்டப்பார்த்தது.

“நேத்து அது ஓடவே இல்ல மாமா. ஓடியிருந்தா எப்பவும்போல கூடத்துல ரேடியோ கரகரன்னு இரைஞ்சிருக்கும்.”

“ஆமா” என்றார் அப்பா. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் ரேடியோ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சுத்தமாப் பாடுச்சு. என்னடா இன்னிக்கு இவ்ளோ சுத்தமாப் பாடுதேன்னு நெனச்சேன்.”

“உள்ள விடுங்க மாமா. காட்டுறேன்.”

“ஒயர வெட்டிட்டேன். அங்க எதுவும் ஓடாது.”

“வீட்டுக் கரண்ட்ட அம்மா தொட்டதே இல்ல. பேட்டரிதான்.”

 அந்த அறைக்குள் மாமா நின்று பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. வாசலை விட்டு ஒதுங்கினார். அவள் போனதும் பின்னாலேயே வந்து, ஒரு கையால் அவளுடைய சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். ஏதாவது ஆனால் இழுத்துவிட.

மேசை நேற்று இருந்தபடியே இருந்தது. புதிதாகச் சுற்றிய சுருளின் செப்பு அரையிருட்டிலும் மினுங்கியது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கூட இல்லை. அம்மாவைப் போலவே, கரண்ட் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க, அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலது கையால் சிவப்பு ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைச் சர்க்யூட்டிலும் கடிக்கவிட்டாள். முதுகில் மாமாவின் பிடி இறுகியது.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தமில்லை, பொறியில்லை.

“இப்படித்தான் இருந்துச்சு நேத்து” என்றாள். “‘என்னடி ஊமையா இருக்க’ன்னு அம்மா இதுகிட்ட கேட்டாங்க. எனக்கு அடுப்படியில கேட்டுச்சு.”

ஒயரைக் கழற்றிக் காலரில் மாட்டிக்கொண்டு, குனிந்து சுருளைப் பார்த்தாள். மெல்லிய கம்பியின் இரண்டு முனைகளும் இடம் மாறியிருந்தன. அப்படி மாறினால் ஒரு சுருள் தள்ளுவதை மற்றது பிடித்து நிறுத்திவிடும். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. அம்மாவே மாதம் ஒருமுறை செய்து தலையில் அடித்துக்கொள்வாள். இதனால் யாரும் சாகமாட்டார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்த திருகை ஏற்கெனவே பாதி தளர்த்தியிருந்தாள் அம்மா. கண்டுபிடித்துவிட்டாள். மாற்றித் திருகத்தான் நெஞ்சு நேரம் கொடுக்கவில்லை.

மகள் மாற்றித் திருகினாள். மறுபடி இடது கை முதுகுக்குப் போனது. ஒயர் கடித்தது.

ஸ்ஸ்.

ஆணிகளுக்கு நடுவே ஊதா நூல் எழுந்தது. உலர்ந்த மரக்குச்சியால் ஓர் ஆணியைத் தள்ளித் தள்ளி நகர்த்தினாள். நூல் நீண்டது, வளைந்தது, அறுவதாகப் போக்குக் காட்டிவிட்டு அறாமல் நின்றது. விரல் நீளம். அம்மாவின் கையால் இவ்வளவு நீளம் வந்து அவள் பார்த்ததில்லை.

வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். “யம்மா” என்றாள் தையல்காரம்மா மெதுவாக. பின்னாலிருந்து பால்காரர் எட்டிப் பார்த்தார். “இத அந்தம்மாவே கட்டுச்சா? நம்மூரு மின்னலம்மாவா?”

“அவதான்” என்றார் அப்பா. “முழுசா அவ கட்டுனது.”

அவள் ஒயரைக் கழற்றினாள். நூல் மறைந்தது. மழைக்கு முன் வருவதுபோல ஒரு காரமான வாசனை மட்டும் அறையில் நின்றது. முதுகில் இருந்த பிடி தளர்ந்து விலகியது. திரும்பிப் பார்த்தாள். மாமா சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

தெருவில் பழைய இரும்புக்காரரின் மணி கேட்டது. தள்ளுவண்டி வாசலில் வந்து நின்று, “சாமான் எங்க சார்?” என்று குரல் வந்தது. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மாமா காலி வண்டியின் கைப்பிடியைத் தானே பிடித்து, தெரு முனையைப் பார்க்கத் திருப்பி, தள்ளிக்கொண்டு நடந்தார். இரும்புக்காரர் ஒன்றும் புரியாமல் மணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.