மூன்றாவது கழுவு

அல்லிநகரத்தில் ஒரு லேப்பில் வேலை பார்க்கும் யுவராணி, ஊரார் ரத்தத்தையெல்லாம் பரிசோதித்து எழுதிக் கொடுப்பவள். தன் கணவன் ஈஸ்வரபாண்டியின் ரத்தம் சொன்னதை மட்டும் வீட்டில் அவளால் எடுபடச் சொல்ல முடியவில்லை. காமாலை ஏறிக்கொண்டே போகிறது, இன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமியார் இருளம்மாளோ, கூடலூர் கோட்டைச்சாமி வைத்தியரிடம் மூன்றாவது கழுவு முடியாமல் மகனை எங்கும் விடமாட்டேன் என்று நின்றாள். செவ்வாய், வெள்ளி, மறு செவ்வாய் என மூன்று கழுவு. இரண்டு முடிந்திருந்தது.

மூன்றாவது கழுவுக்காக, சுருளிப்பட்டியிலிருந்து கூடலூருக்கு வாடகைக் காரில் மூவரும் புறப்பட்டார்கள். ஈஸ்வரபாண்டி பேச்சுக்கு நடுவிலேயே உறங்கி விழுந்தான். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்தது என்றைக்கு என்று கேட்டதற்கு இரண்டு நாளை மாற்றி மாற்றிச் சொன்னான். ஈரல் கெட்டு, விஷம் மூளைக்கு ஏறத் தொடங்கியதன் அறிகுறி அது என்று யுவராணிக்குத் தெரியும்.

கோட்டைச்சாமி ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரு சீப்புப் பழத்துக்கு மேல் எவரிடமும் வாங்காதவர். மரப்பட்டைச் சாற்றை நோயாளியின் கையில் தடவி, மேலே சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவார். தண்ணீர் மஞ்சளாக வடியும். உடம்பில் இருக்கும் காமாலை இறங்குகிறது என்பது அதற்குப் பொருள். அன்றும் ஈஸ்வரபாண்டியின் கையிலிருந்து மஞ்சளாகவே வடிந்தது.

யுவராணி தன் கையை நீட்டினாள். "ஐயா, அதே சாத்த எனக்கும் தடவுங்க."

"ஒனக்கு எதுக்குத்தா?"

"நேத்துத்தான் என் ரத்தத்தப் பாத்தேன். காமாலைங்கிறது பேருக்கும் இல்ல. ஊத்துங்க, என்ன வருதுன்னு பாப்போம்."

ஊற்றினார். மஞ்சள் வடிந்தது, கணவனுக்கு வந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக. வென்றுவிட்டோம் என்று யுவராணி நிமிர்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"ஆத்தாடி! இந்தப் புள்ளைக்கும் ஒட்டிக்கிருச்சே!" என்று இருளம்மாள் அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"அதில்ல அத்தே. சாறும் சுண்ணாம்பும் சேந்தா யாரு கையிலயும் மஞ்சதான் வரும். ஐயா, ஒங்க கையக் கழுவுங்க."

கோட்டைச்சாமி மறுக்கவில்லை. அவர் கையிலும் மஞ்சள் வடிந்தது. அவர் அதை அமைதியாகப் பார்த்தார்.

"இருக்கத்தான செய்யும், தாயி. நாப்பது வருசமா ஊரு காமாலைய எறக்குன கையி. அம்புட்டும் வேற எங்கன போகும்?"

கூட்டத்தில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். ஒருவர் சிரித்தார். "கண்ணு முன்னால மஞ்சளா ஊத்துது. இந்தப் புள்ள தாளப் பாத்துட்டு இல்லைங்குது!"

யுவராணி மாமியாரைக் காருக்கு அருகே அழைத்துப் போனாள். "அத்தே, அது பொய்யி. ஒங்க மகன் பொழைக்கணுமா, வேணாமா?"

"பொய்யின்னா, சுருளிராஜன்?" என்றாள் இருளம்மாள்.

மூத்த மகன் சுருளிராஜன் காமாலையில் போனவன் என்பது மட்டுமே யுவராணிக்குத் தெரியும்.

"மதுரைக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரு சொன்னாக. நாந்தான் இங்கன கூட்டியாந்தேன். ரெண்டு கழுவு ஆச்சு. மூணாவதுக்கு முன்னால போயிட்டான். அதையும் கழுவிருந்தா பொழைச்சிருப்பான். இல்லைன்னு சொல்லாத, தாயி. இல்லைன்னா எம்புள்ளைய நாந்தான கொன்னேன்?"

சுருளி அருவியில் குரங்கு ஒன்று செத்த குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியதாம். "குட்டி செத்துப்போயிற்றே, கீழே வையேன்" என்றதாம் காகம். "வைத்தால்தானே சாகும்" என்றதாம் குரங்கு. அந்தக் காகத்துக்கு அப்புறம் சொல்வதற்கு என்ன இருந்திருக்கும்?

யுவராணி மாமியாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சரித்தே. மூணாவது கழுவும் முடிஞ்சிருச்சு. காமாலை எறங்கிருச்சு. இனி ஒடம்பு தேறணும்ல? அதுக்குத்தான் ஆஸ்பத்திரி."

"அப்படின்னா சரி" என்று இருளம்மாள் காரில் ஏறினாள்.

இருபத்திரண்டு நாளில் ஈஸ்வரபாண்டி வீடு திரும்பினான். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சுருளிப்பட்டி முழுக்க இருளம்மாள் வேறொன்று சொல்லி வந்தாள். மூன்றாவது கழுவுதான் மகனைக் காப்பாற்றியதாம். யுவராணி அதைக் கேட்டும் கேளாதவள்போல் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துத் தெரு அக்கம்மாள் தன் மகளைக் கைத்தாங்கலாய் நடத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் கண் மஞ்சளாக இருந்தது.

"ஏத்தா, நீயும் கூடலூர்லதான கழுவுன? இன்னைக்கு மொதக் கழுவு வைக்கலாமா?" என்று யுவராணியைக் கேட்டாள்.

இருளம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கம் திரும்பாமலே யுவராணி சொன்னாள்.

"அங்க போகாதீக, அக்கா. அந்தத் தண்ணியில யாரு கையி வச்சாலும் மஞ்சதான் வரும். இவர ஆஸ்பத்திரிதான் பொழைக்க வச்சது. வாங்க, நானே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முறத்தின் ஓசை நின்றது.

அக்கம்மாள் சிரித்தாள். "நீ பேசுவடி. ஒனக்குத்தான் எறங்கிருச்சே!" என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கூடலூர் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தாள்.

யுவராணி செருப்பைக்கூடத் தேடாமல் அவர்கள் பின்னால் ஓடினாள்.