ஒன்றாம் அறையில் ஒரே ஓட்டு

சிவநேசன் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தது ஒரு சாவி. ஆளுயர ஒட்டுப்பலகைச் சாவி, மஞ்சள் பெயிண்டு. சுயேச்சையாக நின்ற அவருக்குக் கிடைத்த சின்னம். பாடாங் மேஹா பக்கத்துத் தெருக்களில் எல்லாம் அதைச் சுமந்துதான் ஓட்டுக் கேட்டார். தோற்ற பிறகு அதை நேராகக் கூட்டாளி நடராஜாவின் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டில் சாத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறு ஏதாவதா என்று பார்க்க நடராஜாவுக்குத் துணிவில்லை.

"இத உன் கேட்டுல மாட்டிக்கடா. ஊர்ல ஒரே ஒரு மனுசன் இருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்."

"எனக்கு எதுக்குடா..."

"பேசாத லா. எனக்குத் தெரியும்."

அந்தத் தாமான் குடியிருப்பில் யார் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். டீக்கடையில் உட்காரும் மேசையே சொல்லிவிடும். மின்விசிறிக்குக் கீழே பழைய கட்சி. டிவிக்கு எதிரே புதிய கட்சி. ஜெயித்த பக்கம் நகர்கிறவர்களுக்காக வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருமுறை பழைய கட்சிக்காரர் ஒருவர் ஞாபகமில்லாமல் டிவி மேசையில் உட்கார்ந்துவிட, அவருடைய தே தாரிக் பால்டீ கோப்பையிலேயே திரிந்துபோனது. கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இதற்கு நடுவே சிவநேசன் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஓர் உடும்பு. யாரும் தூர்வாராத லோங்காங் சாக்கடையிலேயே வளர்ந்து, கஞ்சில் என்கிற சின்னக் கார் அளவுக்கு வந்துவிட்ட அது, ஒரு மழைநாளில் தேவகி அக்கா வீட்டில் கார் நிறுத்துகிற இடத்தில் ஏறி நின்றுகொண்டது. அக்காவின் கணவர் அவசரத்தில் அதற்குள் ஏறப் போனார் என்பதுவரை உண்மை. இரண்டு கட்சிக்காரர்களிடமும் நடந்து அலுத்த சிவநேசன், "நானே நிக்கிறேன்" என்றார். ஊரே கைதட்டியது. வேட்புமனுவை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். நடராஜா முன்மொழிந்தார். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மோரிஸ் வழிமொழிந்தார்.

வாக்குச்சாவடியில் வாக்காளர்களை வயதுப்படி அறை பிரித்து வைப்பதால் எந்த வயசு எவரைக் கவிழ்த்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். இளவட்டங்களின் அறைகளில் சாவிக்கு முட்டை. கிழடுகளின் ஒன்றாம் அறையில் ஒரே ஓர் ஓட்டு. சிவநேசன் தனக்கே போட்டுக்கொள்ளவும் வழியில்லை. முகவரி மாற்றச் சோம்பல்பட்டதில் அவர் ஓட்டு இன்னும் வேறு தொகுதியில், கோலா கெடாவில் கிடந்தது. அந்த ஒரே ஓட்டைத் தான்தான் போட்டதாகச் சொல்லி, மறுநாள் மாலைக்குள் பதினோரு பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். சொல்லாதவர்கள் முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும்தான்.

"நீயும் மோரிஸும் அந்த ரூம்தான். ரெண்டு விழுந்திருக்கணும், ஒண்ணுதான் விழுந்துச்சு" என்றார் சிவநேசன். "ஒரே தோட்டத்து லயத்துல பொறந்தவங்க நீயும் நானும். நீ போடாம இருப்பியா? அப்ப எவன்னு எனக்குத் தெரியாதா? காலையில மோரிஸ் சிரிச்சான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இனி அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

ஓட்டுப்போடும் தடுப்புக்குள் நின்றபோது நடராஜாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சீட்டில் சாவி கடைசியில் இருந்தது. பேனா அதை நோக்கித்தான் புறப்பட்டது. வழியில் பழைய சின்னம் இருந்தது. இருபத்தொரு வயதிலிருந்து அதற்கே பழகிய கை. அவருடைய அப்பாவின் கையும் அப்படித்தான். ஊரே சிவநேசனுக்குப் போடும்போது நம்முடைய ஒன்று எதற்கு, பழைய கட்சிதான் பாவம், இந்த முறை ரொம்ப மெலிந்துபோயிருக்கிறது என்று ஒரு நினைப்பு. கை அங்கேயே இறங்கிவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதே நினைப்போடுதான் நின்றார்கள் என்பது முடிவு வந்த பிறகுதான் புரிந்தது. மோரிஸைத் தவிர.

"சிவா, அந்த ஓட்டு..."

"என்னடா?"

நடராஜா நிமிர்ந்து பார்த்தார். சிவநேசன் முகத்தில், தோற்றவனிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் உட்கார்ந்திருந்தது.

"பெயிண்டு நல்லா அடிச்சிருக்க."

அந்த வாரம் முழுவதும் டீக்கடையில் நடராஜாவுக்கு சிவநேசன்தான் டீ வாங்கிக் கொடுத்தார். மோரிஸ் வாசல் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். ஒருமுறைகூட அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. முறைக்கவாவது திரும்பியிருந்தால் நடராஜா பிழைத்திருப்பார். தே தாரிக்கில் எவ்வளவு சீனி போட்டாலும் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, மோரிஸ் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஸ்பேனர், நான்கைந்து போல்ட். நடராஜா ராஃபியா கயிற்றால் கட்டியிருந்த சாவி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கோணலா இருக்கு அண்ணே. அவரு பாத்தா வருத்தப்படுவாரு."

"மோரிஸ், அன்னைக்கு நான்..."

"இந்தப் பக்கம் புடிங்க."

நடராஜா பிடித்தார். மஞ்சள் பலகையின் மேல் இரண்டு இடதுகை ஆட்காட்டி விரல்கள், இரண்டிலும் ஒரே கறுப்பு மை. மோரிஸ் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். அவசரமே படவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாண்ணே. சூடு ஒத்துக்கல." ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இனி ஆடாது."

அவர் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும், ஆடாத அந்தச் சாவியை நடராஜா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார்.