சுப்பராயன் தீர்மானம்

“அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க மாமா. போட்டோ இருக்கட்டும், கொடி இருக்கட்டும், உங்க தலைவருங்க மூஞ்சிங்ககூட இருக்கட்டும்.”

“ஃப்ளெக்ஸ்ல அடிச்சத எப்படிம்மா எடுக்கறது? அது என்னா சிலேட்டா, எச்சி தொட்டு அழிக்க?”

“அப்ப பேனரையே கழட்டுங்க.”

“கழட்டுனா காத்தவராயன் கேப்பாரு.”

“கேக்கட்டும். செத்தது அவரு அப்பனா, எங்கப்பனா?”

கண்ணையன் தலையைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தார். சாரம் பகுதியில் அந்தத் தெருமுனையின் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே பேனர் விறைப்பாக நின்றது. அதில் கலையரசியின் அப்பா சுப்பராயன், யார் கல்யாணத்திலோ எடுத்த படத்தில், வெற்றிலை போட்ட வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘பண்பாட்டுக் காவலர்’ என்றிருந்தது.

கட்சியில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பது கண்ணையனின் கடைதான். கட்சிக்குள் காத்தவராயனின் பண்பாட்டுப் பாசறை கை ஓங்கிய இந்த இரண்டு வருடமாக இறந்த எல்லாருக்கும் ஒரே பட்டம். கம்ப்யூட்டரில் அது தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். போன மாசம் செத்த பார் முதலாளிக்கும் அதையே போட்டார்கள். அந்த பேனரைப் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்தவர் சுப்பராயன்.

“முப்பது வருஷம் அவரு பக்கத்துல உக்காந்தீங்களே மாமா. உங்களுக்குத் தெரியாதா?”

“அழுதுகிட்டே அடிச்சேன் பாப்பா. பேர மாத்துனேன், படத்த மாத்துனேன். மேல இருந்தது கண்ணுலயே படல. கை பழகிப்போச்சு.”

“இப்ப கண்ணுல படுதில்ல?”

கலையரசிக்குக் கண்ணையனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

சுப்பராயன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஒரு வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கடைக்கு வெளியே அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கட்சி. கட்சிக்குள் அவருடைய ஆட்களுக்கு ‘அவனவன் இஷ்டம் கோஷ்டி’ என்று பாசறைக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டதே இல்லை. “ஆமாய்யா, அவனவன் இஷ்டம்தான். நான் கடைய எப்ப சாத்தணும்னு எனக்குச் சொல்லாத. வீட்டுக்குள்ள யாரு யாரோட இருக்கணும்னு அவங்களுக்குச் சொல்லாத” என்பார்.

நாளை பொதுக்குழுவில் பாசறை ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. ஜோடியாக வருகிறவர்களுக்குக் கல்யாணப் பத்திரம் இல்லாமல் அறையோ வீடோ வாடகைக்குத் தரக்கூடாது. சட்டம் வரும்வரை கட்சிக்காரர்களே வார்டு வார்டாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் சுப்பராயன் கட்சி ஆபீசிலேயே கத்தியிருக்கிறார்: “வண்டி எடுக்கறவன்கிட்ட லைசென்ஸ் கேப்பேன். தாலி கேக்க மாட்டேன்.”

ஊரெல்லாம் தெரிந்த இந்தக் கதை கலையரசிக்கும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடமாக அப்பா அவளோடு பேசவில்லை.

*

வீட்டுக்குள் ஐஸ் பெட்டியின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. அம்மா செல்வாம்பாள் பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்திருந்தாள். கலையரசி உள்ளே நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“அந்தப் புள்ள எங்கடி?” அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“எதிர்ல. பால் பூத்துகிட்ட.”

“சாப்ட்டானா?”

“உள்ள கூப்புட மாட்ட. சாப்ட்டானான்னு மட்டும் கேப்ப.”

“அவரு வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் என்னாடி செய்வேன்?”

முகிலன் காலையிலிருந்து எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். ஒரே ஊர், ஒரே சாதி, சம்பந்தம் பேசப் போனால் இரண்டு வீட்டிலும் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். தடை இருந்திருந்தால் அப்பாவுக்குக்கூடப் புரிந்திருக்கும். வேற சாதிக்காரனை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் சண்டை போட்டு, ஒரு பேரனைப் பார்த்துச் சமாதானமாகியிருப்பார். தடையே இல்லாதபோது, கல்யாணம் வேண்டாம், சேர்ந்து இருக்கிறோம் என்று ரெட்டியார்பாளையத்தில் வீடு எடுத்துக்கொண்டு போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “அவனவன் இஷ்டம்னு மேடையில பேசுனீங்களேப்பா” என்று அவள் அன்றைக்குக் கேட்டாள். அதுதான் கடைசியாக அவரிடம் பேசியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

வாசலில் பறை வேகம் பிடித்தது. காத்தவராயன் வந்துவிட்டார்.

பத்துப் பதினைந்து பேர் வெள்ளைச் சட்டையில் அவர் பின்னால் வந்தார்கள். ஒருவன் கையில் மடித்த கொடி. காத்தவராயன் பெட்டியை ஒருமுறை சுற்றிவந்து, கொடியை விரித்துக் கண்ணாடிமேல் போர்த்தினார். செல்வாம்பாளின் கன்னம் இருந்த இடத்தில் துணி வந்ததும் அவள் தானாக நகர்ந்துகொண்டாள். அம்மா அப்படி நகர்ந்ததைப் பார்த்ததும் கலையரசிக்கு உடம்பு எரிந்தது.

பந்தலில் மைக் இருந்தது. காத்தவராயன் தொண்டையைச் செருமினார்.

“அண்ணன் சுப்பராயன் எங்களோட சண்டை போட்டாரு. இல்லன்னு சொல்லல. ஆனா நெஞ்சுக்குள்ள அவரு நம்ம ஆளு. சொந்த வீட்டுலயே பட்ட வேதனைய வெளிய சொல்லாம செத்தாரு. அதனால நாளைக்கு நாம கொண்டாற தீர்மானத்துக்கு ‘சுப்பராயன் தீர்மானம்’னு பேரு வைக்கிறோம். எந்த அப்பனுக்கும் இனிமே அந்த நெலமை வரக்கூடாது.”

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேர் தட்டி நிறுத்தினார்கள்.

கலையரசி பந்தலுக்கு வந்தாள். மைக்கைப் பிடுங்கவில்லை, அது தேவைப்படவும் இல்லை.

“யாரக் கேட்டு வைக்கிறீங்க அந்தப் பேர?”

“ஏம்மா, துக்க வீட்டுல—”

“துக்க வீட்டுலதான ஓட்டு கேட்டீங்க இப்ப? அவரு உயிரோட இருந்தப்ப அந்தத் தீர்மானத்த எதிர்த்தாரு. ஐஸ் பெட்டியில படுக்க வெச்சதும் ஆதரிச்சுட்டாரா?”

காத்தவராயன் மைக்கைக் கையால் மூடினார். அவர் குரல் இறங்கி, ஏறக்குறைய அன்பாகவே வந்தது. “இங்க பாரும்மா. உங்கப்பா கடையில தனியா உக்காந்து பேசாம கெடந்தத நான் பாத்திருக்கேன். நீ பாத்தியா? மனசு ஒடஞ்சு போனாரு மனுஷன். யாரால ஒடஞ்சாருன்னு என்னைக் கேக்காத.”

கலையரசி திரும்பி வீட்டுக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தாள். தெருவுக்கு எதிரே முகிலன் ஓரடி முன்னால் வைத்து, நின்று, காலைப் பின்னால் எடுத்தான்.

*

கண்ணையன் அவளை வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தண்ணீர்க் குடங்கள் அடுக்கியிருந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

“முசே, உங்கப்பாதான், போன வாரம் குடுத்தாரு. டைப் அடிச்சு வைக்கச் சொன்னாரு. நாளைக்குப் பொதுக்குழுவுல படிக்கிறதுக்கு.”

“இத வெச்சுகிட்டுதான் சும்மா நின்னீங்களா?”

“படி பாப்பா. படிச்சிட்டுத் திட்டு.”

அப்பாவின் கையெழுத்து. வாடகை ரசீதில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

‘தலைவர் அவர்களுக்கு. என் மகள் இருக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமாக அவளோடு பேசவில்லை. அந்தப் பையனை என் வீட்டுக்குள் விட்டதில்லை, விடவும் மாட்டேன். அது என் வீடு, என் கோபம். அந்தக் கோபத்தைக் கட்சிக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் இருப்பது அவள் வீடு. அவள் வாசலில் நின்று பத்திரம் காட்டு என்று கேட்க எனக்கே உரிமை இல்லாதபோது உங்களுக்கு யார் கொடுத்தது? இந்தத் தீர்மானம் வந்தால் முதலில் தட்டப்போகும் கதவு எது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. அவள் என் மகளாக இல்லாவிட்டாலும் எதிர்ப்பேன்.’

அவள் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். அதே கோபம்தான் வந்தது, இந்த முறை அவர்மேல். இவ்வளவையும் பொதுக்குழுவுக்கு எழுதத் தெரிந்த மனுஷன் ஒரு போன் செய்திருக்கலாம். அவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

“இத நீங்க காத்தவராயன் முன்னாடி நீட்டியிருந்தா?”

“என் கடைக்கு வர்ற வேலையில பாதி கட்சி வேலம்மா. பையனுக்குக் கவுன்சிலர் சீட்டு கேட்டு வெச்சிருக்கேன்.” கண்ணையன் குடங்களைப் பார்த்துப் பேசினார். “உங்கப்பாவுக்கு வாடக வண்டி இருந்துச்சு. யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல.”

“அவரு பயப்படலன்னு உங்களுக்குத் தெரியுமா?”

வாசலில் தூக்கச் சொல்லிக் குரல் கேட்டது.

*

அமரர் ஊர்தி பூப்பந்தலோடு நின்றது. சித்தப்பா மகன் தீச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். காத்தவராயன் ஆட்கள் ஊர்தியின் இரண்டு பக்கமும் கொடி பிடித்தார்கள். கண்ணையன் பின்பக்கம் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ பொரித் தட்டை அவர் கையில் திணித்தார்கள்.

கருவடிக்குப்பம் சுடுகாடு வரை ஆண்கள் போவார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும். செல்வாம்பாளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஊர்தி திரும்பியதும் அவள் பிடியை உதறி, எதிர்ச்சாரியைப் பார்த்துக் கையை வீசினாள்.

“தம்பி! நீயும் போ. அவங்களோட போ. அவரு இப்ப வீட்டுல இல்ல.”

முகிலன் ஒரு கணம் புரியாமல் நின்றான். பிறகு கூட்டத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

மற்ற பெண்கள் நின்ற இடத்தில் கலையரசி நிற்கவில்லை. ஊர்தியோடு நடந்தாள். மடித்த தாளை மேலே நீட்டினாள்.

“மாமா. நான் மெம்பர் இல்ல. என்னைப் பொதுக்குழு மண்டபத்துக்குள்ள விட மாட்டாங்க.”

பறைச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் பொரியை அள்ளி வீசினார். அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

“ஒரு பக்கம்தான் மாமா. ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நாளைக்கு நீங்க எழுந்து இதப் படிங்க.”

கண்ணையன் தட்டுக்குள் கையை விட்டு, மறுபடியும் அள்ளினார்.