ஃபென்னாவின் மூன்றாவது தேர்வு

ஹார்லிங்கன் துறைமுகத்தை ஒட்டிய அந்த வீட்டில், பள்ளி விட்டதும் தினமும் கால் மணி நேரம் சண்டை நடக்கும். அதற்கு வாசிப்பு என்று பெயர். ஃபென்னாவுக்கு எட்டு வயது. முதல் வரியில் முட்டி மோதிப் பிடித்த சொல்லையே மூன்றாம் வரியில் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அவள் அம்மா ரென்ஸ்கே பொறுமைசாலிதான், முதல் ஐந்து நிமிடத்துக்கு.

"இப்பத்தானே வாசிச்ச? அதே வார்த்தைதான்டி!"

"இல்லம்மா, இது வேற."

"எது வேற? கண்ணைத் தொறந்து பாரு!"

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். அதிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு யாரு ஜெயிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே படகுப் பட்டறையிலிருந்து வருவான் வீட்ஸே. பெண்டாட்டி முறைத்தால், பெற்ற மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவான். ரென்ஸ்கே செய்து பார்க்காத வித்தையில்லை. மணலில் எழுத வைத்தாள், வரிக்கு ஒரு வண்ணம் அடித்தாள், பிள்ளைகள் கூச்சமில்லாமல் வாசித்துப் பழகட்டும் என்று நூலகத்தில் உட்கார்த்தி வைத்திருக்கும் நாய்க்குக்கூட வாசித்துக் காட்டச் சொன்னாள். நாய் தூங்கியதுதான் மிச்சம்.

பள்ளியில் அரையாண்டுக்கு ஒரு தேர்வு உண்டு. ஒரு அட்டை நிறையச் சொற்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். ஃபென்னா இரண்டு தடவையும் கடைசி. இதையெல்லாம் கவனிக்கும் மார்லூஸ் டீச்சர், "ஜனவரியில இன்னொரு தடவ பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, மேற்கொண்டு என்னன்னு பேசலாம்" என்றார். அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்கப்போகிறார்கள் என்று ரென்ஸ்கே எடுத்துக்கொண்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். பயந்துபோனவளுக்கு வாய் எங்கே வரும்?

வியாழக்கிழமைகளில் சில அம்மாக்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பார்கள். ரென்ஸ்கேவும் அதில் ஒருத்தி. டிசம்பரில் ஒரு வியாழன், புத்தக அலமாரியைத் திறந்தபோது ஜனவரித் தேர்வின் அட்டை கண்ணில் பட்டது. சுற்றிலும் யாருமில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் அந்த அட்டைதான் வீட்டில் வாசிப்பு. அதிசயமாக, சண்டையே இல்லை. "கூரை, மழை, படகு, ரொட்டி" என்று ஃபென்னா கடகடவென்று ஓட்டினாள். காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொள்ளும் பிள்ளை. பார்த்துத்தான் சொல்கிறாளா என்று ரென்ஸ்கே சோதிக்கவில்லை. சோதிக்க மனசு வரவில்லை.

தேர்வு முடிந்து ஓடிவந்தவள், "அம்மா, நான் வாசிச்சுட்டேன்! டீச்சரே கை தட்டுனாங்க!" என்று இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுவாரம் மார்லூஸ் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "மூணாவது தடவையும் கடைசின்னா சிறப்புப் பயிற்சிக்கு அனுப்பலாம்னு கடிதம்கூட எழுதி வெச்சிருந்தேன். வாராவாரம் தனியா ஒரு ஆளு சொல்லிக்கொடுப்பாங்க. இனிமே அது தேவைப்படாது. தேவைப்பட்டாலும், முதல்லேர்ந்து மூணு தேர்வு எண்ணணும். ஒன்றரை வருஷம் ஆயிடும்."

ரென்ஸ்கேவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை தலையில் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பள்ளியில் மானமாவது மிஞ்சும். ஆனால் ஃபென்னாவுக்கு ஒன்றரை வருடம் போய்விடும். போனில் அந்தப் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

மார்லூஸ் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இனிமே வியாழக்கிழமை நீங்க வர வேண்டாம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வேற அட்டை இருக்கு. அதை வெச்சு மூணாவது தேர்வை மறுபடி நடத்துறேன். அவளைக் கூப்பிடுறேன். நீங்களும் இருங்க" என்றார்.

ஃபென்னா துள்ளிக்கொண்டு வந்தாள். புது அட்டையை நீட்டினார் மார்லூஸ். அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஆரம்பித்தாள்: "கூரை, மழை, படகு, ரொட்டி..." அட்டையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. விரல் மட்டும் அழகாக, சொல்சொல்லாக நகர்ந்தது. நிமிடம் முடியும்வரை மார்லூஸ் நிறுத்தவில்லை.

"எல்லாம் சரியாம்மா?"

ரென்ஸ்கே அவளை அருகே இழுத்துக்கொண்டாள். "இல்லடி கண்ணு. அது பழைய அட்டை. அம்மா உன்னை மனப்பாடம் பண்ண வெச்சுட்டேன். தப்பு என்னோடது."

ஃபென்னா அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"அப்ப... அன்னைக்கும் நான் வாசிக்கலையா?"