பெத்தணன் சொன்ன பொய்

எங்க அண்ணன் பெத்தணன் மாதிரி ஒரு கிறுக்கன் ஏழாயிரம்பண்ணையில கெடையாது. பொய்யே சொல்லத் தெரியாத மனுசன், அறுபத்து மூணாம் வருசம் ஒரு பொய் சொன்னான் பாருங்க, இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வெங்கச்சங்கல்லுன்னு சொல்ற வெள்ளைக் கல்லை அரைச்சு தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அனுப்புற மில்லுல அண்ணனுக்கு வேலை. அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுல எறங்கி, கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். கூடவே விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணிப்போச்சு. காட்டுல மழையுமில்ல, வெள்ளாமையுமில்ல. அண்ணனுக்குப் பதிலா அவன் மகன் கண்ணுச்சாமி மில்லுக்குப் போறதாப் பேச்சு.

எனக்கும் விரல் அப்படித்தான். மில் வாசலையே மிதிச்சதில்ல நான், இருந்தும் காலையில விரல் மடங்காது. அது அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். எம் மக செல்லக்கனிக்கு அந்த வாரந்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரக பூ வச்சு நிச்சயம் பண்ண வாறதா இருந்தாக. கண்ணுச்சாமி முறைதான், ஆனா அவளுக்கு இளையவன்; அதனால வெளியே பாத்தோம். குடும்பத்துல நோயின்னு தெரிஞ்சா எவுக பொண்ணெடுப்பாக? கைய முந்தானைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்பத்தான் மதுரையிலருந்து ஒரு டாக்டர் மில்லுக்கு வந்தாரு. வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டு, தூசி நோய்க்காரகளுக்கு ரத்தம் எடுத்தாரு. அண்ணனைக் கூட்டிக்கிட்டு நானும் போனேன். மாப்பிள்ளையோட ஆத்தா குருவம்மாளும் அங்கன உக்காந்திருந்தா, அவ புருசனுக்கும் இருமல்.

டாக்டர் அண்ணன் விரலைத் தொட்டுப் பாத்தாரு. “தூசி எல்லாருக்கும் ஒண்ணுதான். மூட்டு சிலருக்கு மட்டும் ஏன் வீங்குதுன்னு பாக்குறோம். பரம்பரையா ரத்தத்துல வருதோன்னு ஒரு சந்தேகம். உங்க கூடப்பிறந்தவங்களுக்கு இப்படி இருக்கா?”

“எதுக்குய்யா கேக்கீக?”

“நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா குடும்பத்துல இருந்தா பிள்ளைகளுக்கும் வரலாம். என் பிள்ளையா இருந்தா அந்தத் தூசிக்குள்ள விடமாட்டேன்.”

அண்ணன் என்னையப் பாத்தான். குருவம்மாளைப் பாத்தான். “யாருக்கும் கெடையாதுய்யா”ன்னுட்டான்.

அடப்பாவி! தாய்மாமன் எம் மக கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு பெத்த மகனையில்ல அந்தத் தூசிக்குத் தூக்கிக் குடுக்கான்!

எனக்கு வந்ததே கோவம். முந்தானைய ஒதறிட்டு டாக்டர் முன்னால கைய நீட்டினேன். “இந்தா பாருங்கய்யா. நான் இவன் கூடப்பிறந்தவ. மில்லுக்குள்ள காலே வச்சதில்ல. எனக்கும் இருக்கு. இவன் மகனை மில்லுக்கு அனுப்பப் பாக்கான்.”

குருவம்மா எந்திரிச்சுப் போயிட்டா. டாக்டர் எனக்கும் ரத்தம் எடுத்தாரு. பையனை மில்லுக்கு அனுப்ப வேண்டாம்னு அண்ணங்கிட்ட அழுத்திச் சொன்னாரு.

வார வழியில மூச்சு முட்டி அண்ணன் ரோட்டோரமா உக்காந்துட்டான். “ஏம்மா சொன்ன? செல்லக்கனிய நெனச்சுப் பாத்தியா?”

“நீ கண்ணுச்சாமிய நெனச்சுப் பாத்தியாண்ணே?”

“பாத்தேன், ராக்கு. நெனச்சுட்டுத்தான் சொன்னேன்”னான்.

ரோடுன்னுகூடப் பாக்காம அவனைக் கட்டிக்கிட்டு அழுதேன்.