ஆதி ஒரு கத்தி, லட்சுமி ஒரு கத்தி

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஆதிலட்சுமியின் கத்தி, கொடுவா மீன் தலை ஒன்றில் பட்டு இரண்டாக உடைந்தது. சும்மா உடைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தகட்டில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அவள் பேரும் சேர்ந்து உடைந்துவிட்டது. முனைத் துண்டில் ‘ஆதி’, பிடிப் பக்கம் ‘லட்சுமி’.

துண்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து அழுதாள். வீட்டில் பாத்திரம் பூராவும் மாமியார் பேர். கரன்ட் பில், செத்துப் பன்னிரண்டு வருஷமான மாமனார் பேரில் வருகிறது. ஸ்கூட்டர் புருஷன் பேரில். அவள் பேர் இருந்த ஒரே சாமான் அந்தக் கத்திதான்.

புருஷன் கமலக்கண்ணனுக்கோ வாயெல்லாம் பல். மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மில் மூடியதிலிருந்து நல்லாயிருக்கிற சாமானையெல்லாம் கழற்றி ரிப்பேர் பார்க்கிறவன். உடைந்ததே கிடைத்தால் விடுவானா?

“ஒரு கத்தி போச்சுன்னு அழுவுறியே, ரெண்டா தர்றேன் பாரு.”

சூடேறினால் பதம் போய்விடும் என்று தண்ணீரில் முக்கி முக்கி இரண்டு நாள் சாணை பிடித்தான். வேப்பங்கட்டையில் பிடி செதுக்கி ரிவெட் அடித்தான். பொய் சொல்லக் கூடாது, இரண்டும் நல்ல கூர்.

“என் பேரு?” என்றாள்.

“எங்கயும் போவலையே. ரெண்டுலயுமா சேர்த்து இருக்குது.”

மறுநாள் காலையில் துறைமுகத்தில், பக்கத்துக் கட்டையில் மீன் வெட்டும் லட்சுமி பெரிய கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். “என் பேரு போட்டிருக்குதே” என்று தன் கட்டையில் வைத்துக்கொண்டாள். ஐஸ் உடைக்கிற ஆதி சின்னதை இடுப்பில் செருகிக்கொண்டான். பதினெட்டு வருஷமாக ஒரே டீயைப் பகிர்ந்து குடித்தவள் லட்சுமி. ஆதிலட்சுமிக்குக் கத்தி போனதைவிட அதுதான் வலித்தது.

சத்தம் கேட்டு, மீன் வெட்டுகிறவர்கள் சங்கத் தலைவி சின்னப்பொண்ணு வந்தாள். கத்தி மாறிப்போய் தினமும் அடிதடி ஆகிறதென்று, யார் பேர் இருக்கிறதோ அவர்களுக்கே கத்தி என்று சட்டம் போட்டவள் அவள்தான்.

ஆதிலட்சுமி இரண்டையும் பிடுங்கி ஒட்ட வைத்துக் காட்டினாள். “படிச்சுப் பாருக்கா.”

சின்னப்பொண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். “சேர்த்து வெச்சா உன்னுது. பிரிச்சா அவங்களுது. சேர்த்தே புடிச்சு மீன் வெட்டுவியா?”

“கிளாம்ப் போட்டா வெட்டலாம்” என்றான், அவளை ஸ்கூட்டரில் இறக்கிவிட வந்திருந்த கமலக்கண்ணன். ஆதிலட்சுமி பார்த்த பார்வையில் ஸ்கூட்டர் பக்கம் நழுவினான்.

“மதியத்துக்குள்ள ரெண்டுலயும் முழுப் பேரு வெட்டிக்கிட்டு வா. இல்லன்னா சட்டம் சட்டந்தான்” என்றாள் தலைவி.

பெரிய மார்க்கெட்டில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டும் மண்ணாங்கட்டியின் முன்னால் ஆதிலட்சுமி இரண்டு கத்தியையும் போட்டாள்.

“எந்த இடத்துல வெட்டட்டும்மா?”

“இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேல, கீழ, பிடி ஓரம், முனை. இடம் தீர்ற வரைக்கும் வெட்டு.”

“ஒரு கத்திக்கு ஒரு பேரு போதாதா?”

“மறுபடியும் உடையும்ண்ணே. எங்க உடைஞ்சாலும், துண்டுக்குத் துண்டு நான் முழுசா இருக்கணும்.”